காயலாங்கடைக்குப் போகும் அம்பாசடரை ஆறு பேர் சேர்ந்து மீட்க: எதை முதலில், எதைக் கடைசியில்

கேள்வி இதுதான். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டில் 1977ல் பதிவான அம்பாசடர் மார்க் 3 பெட்ரோல் வண்டி ஏறக்குறைய இருபது வருடமாக மரத்தடியில் நிற்கிறது. பதிவில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டார். ஆர்சி புத்தகம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அடுத்த வாரம் எடைக்குப் போட முடிவு செய்துவிட்டார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கும் ஆறு பேர் பணம் போட்டு அதைக் காப்பாற்ற முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கூட்டாக எடுக்கிற பழைய வண்டி துருவால் வீணாவதைவிட, பிரித்துப் போட்ட பிறகு கேட்பாரற்று வீணாவதுதான் அதிகம். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆளுக்கொரு ஸ்பேனரோடு இறங்கி இன்ஜினைக் கழற்றுவார்கள். மூன்றாம் மாதம் வண்டி யார் பெயரில் என்று தகராறு வரும், நிறுத்திய இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், போல்ட்டெல்லாம் ஒரே சாக்குப்பையில் கிடக்கும். பிறகு அதே காயலாங்கடைதான். எனவே முதலில் காகிதம், அடுத்து வண்டி நிற்கக் கூரையுள்ள இடம், அடுத்து பாடி, அதற்குப் பிறகுதான் இன்ஜின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது வீட்டாரிடம் பேசுவது. "பதினைந்து வருடம் தாண்டினால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும்" என்று பலரும் நம்புகிறார்கள். அந்த வயதுத் தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு நீதிமன்ற உத்தரவுகளால் வந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தனியார் காரைத் தகுதிச் சோதனை காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இதை எடுத்துச் சொன்னாலே பல வீடுகளில் அவசரம் குறையும். விதிவிலக்கு அரசு வண்டி. அரசுத் துறைகளின் பெயரில் இருக்கும், பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க வழியில்லை. ஏலத்துக்கு வரும் இலாகா அம்பாசடரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

விலையைப் பொறுத்தவரை காயலாங்கடைக் கணக்கு எளிது. அம்பாசடர் ஏறக்குறைய 1,100 கிலோ. அதில் கண்ணாடி, சீட்டு, டயர், மண் போக மிச்சம்தான் இரும்பு விலைக்குப் போகும். அந்தத் தொகையை நீங்களே கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் வீட்டாருக்கு நஷ்டமில்லை. பேசிய அன்றே முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பி, வண்டி எண்ணும் சேஸி எண்ணும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றை வாரிசுகளிடம் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் அவரிடமே போய்ப் பேசுங்கள். கேஸ் கட்டர் தொடாதவரை முழு வண்டியாக விற்பதில் அவருக்கும் லாபம்தான். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மட்டும் கதை முடிந்தது. பதிவு ரத்தாகிவிடும். அதன்பின் கிடைப்பது உதிரிபாகம்தான், கார் அல்ல.

இனி காகிதம். இங்கே அவசரப்பட்டால் பின்னால் லட்சக்கணக்கில் வலிக்கும். முதலில் வண்டி எண்ணை எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டுப் பாருங்கள். 1977 வண்டி பெரும்பாலும் கணினியில் இருக்காது. அப்படியென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய பி ரெஜிஸ்டர் (கையால் எழுதிய பதிவேடு) நகல் கேட்டு, அதை வைத்து பேக்லாக் பதிவேற்றம், அதாவது பழைய விவரத்தைக் கணினியில் ஏற்ற, விண்ணப்பிக்க வேண்டும். அன்று இது தென்னாற்காடு மாவட்டம். 1993ல்தான் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. கடலூரில் பதிவேடு இல்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் விழுப்புரத்திலும் விசாரியுங்கள். பதிவேட்டில் வண்டியே இல்லை என்று உறுதியாகிவிட்டால், சாலையில் ஓட்டும் எண்ணத்தோடு அதை வாங்காதீர்கள். பாகங்களுக்காக வாங்குவது வேறு விஷயம்.

பதிவேடு கிடைத்தால் வழி இப்படிப் போகும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். காணாமல் போன ஆர்சிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26ல் நகல் கேட்க வேண்டும். அந்த வாரிசிடமிருந்து உங்கள் ஆளுக்கு மாற்றப் படிவம் 29, 30. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. சேஸி எண்ணின் பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல்) கேட்பார்கள். அதனால் பானட்டுக்குள் இருக்கும் எண் தகட்டையும் பாடியில் குத்திய எண்ணையும் யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தகட்டின் ஆணியைக் கழற்றவும் கூடாது.

ஆறு பேரில் யார் பெயரில் ஆர்சி? கடலூரில் முகவரி உள்ளவர் பெயரில் வையுங்கள். புதுச்சேரிக்காரர் பெயர் என்றால் அது வேறு மாநிலப் பதிவாகிவிடும். படிவம் 28ல் தடையில்லாச் சான்று, அங்கே புதுப் பதிவு எண், அங்கே வரி என்று இன்னொரு சுற்று அலைச்சல். தமிழ்நாட்டு எண்ணோடு வண்டியைப் புதுச்சேரியில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினாலும் அங்கே பதிவை மாற்றியாக வேண்டும். ஒர்க்‌ஷாப் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, வண்டி ஓடும் பக்கத்தை இப்போதே முடிவு செய்யுங்கள்.

கட்டணம்தான் பலருக்குத் தெரியாத குழி. இருபது வருடம் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய். அதோடு பசுமை வரி. இவற்றைவிடப் பெரிது, காலாவதியான பதிவுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் வரும் தாமதக் கட்டணம். எத்தனை மாதத்துக்குக் கணக்கிடுவார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே வீட்டாரிடம் முழு விலையைப் பேசி முடியுங்கள். வண்டி விலையைவிட இந்தத் தொகை அதிகமாகிவிட வாய்ப்பு உண்டு.

உங்கள் வண்டிக்கு இன்னொரு கதவும் திறக்கும். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜாகப் பதிய 2021 ஜூலையில் விதி வந்தது. 1977 வண்டிக்கு அது 2027ல் பொருந்தும். சேஸி, பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம். வாரக் கடைசியில் குடும்பத்தோடு சிதம்பரம் போய்வர வேண்டும் என்று ஆசை இருந்தால் சாதாரணப் பதிவே நல்லது. எதைத் தேர்ந்தாலும் ஒரு விஷயம்: "பழைய இன்ஜின் எதற்கு, இசுசு போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி தேவை, விண்டேஜ் தகுதியும் போய்விடும்.

ஆறு பேருக்குள் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, மாதம் எவ்வளவு, விலகுகிறவருக்குப் பணம் எப்போது எப்படித் திரும்பும், விற்பதானால் மற்றவர்களுக்கு முதல் உரிமை, செலவை அனுமதிப்பது யார், வண்டி எங்கே நிற்கும், வாடகை யார் பொறுப்பு. நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். இது நட்பைக் காப்பாற்றுகிற காகிதம்.

அடுத்து வண்டியை நகர்த்துவது. முதலில் நீளமான கம்பால் நான்கு பக்கமும் தட்டி, பானட்டையும் டிக்கியையும் தள்ளி நின்று திறங்கள். முந்திரித்தோப்பு, கரும்புக்காட்டு ஓரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்குள் பாம்பும் குளவியும் இருப்பது சாதாரணம். எதையும் தொடுமுன் நூறு போட்டோவாவது எடுங்கள், முக்கியமாக ஒயரிங்கையும் கார்புரேட்டர் லிங்கேஜையும். பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று குறியுங்கள், பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. சுற்றியுள்ள மண்ணையும் கிளறிப் பாருங்கள். உதிர்ந்த கிரில் துண்டு, விளக்கு வளையம், பேட்ஜ், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி எல்லாம் அங்கேதான் கிடக்கும். அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் பிரேக், சஸ்பென்ஷன், கதவு போன்றவை இன்றும் கிடைக்கும். மார்க்குக்கு மார்க் மாறிய முகப்புக் கிரில், டாஷ்போர்டு, விளக்கு அலங்காரம் இவைதான் கிடைக்காது. நசுங்கியிருந்தாலும் அவற்றை எடுத்து வையுங்கள்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரேக் இல்லை, ஸ்டியரிங்கை நம்ப முடியாது, காப்பீடும் இல்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். வேறோர் அம்பாசடரிலிருந்து காற்றுள்ள நான்கு சக்கரம் கடன் வாங்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினால் விடும். வின்ச் கொக்கியைப் பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும். பின்னால் இழுப்பதென்றால் ஆக்சிலில், முன்னால் என்றால் கிராஸ் மெம்பரில் மாட்டுங்கள். மாநில எல்லையைத் தாண்டும்போது விற்பனைக் கடிதமும் வாரிசின் அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும்.

இப்போது பாடி. வண்டி பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். அம்பாசடருக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. நம் பகுதியில் உப்புக்காற்று ஒரு பக்கம். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் வந்துபோனது இன்னொரு பக்கம். அந்த இடத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் ரன்னிங் போர்டுக்குள் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) சேறு இறுகி, வருடம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளிருந்து தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

சோதனைக்கு மெல்லிய துணி சுற்றிய காந்தமும் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் போட்டிருக்கிறார்கள். கதவின் அடி, மட்கார்டு விளிம்பு, டிக்கித் தரை இவற்றில் ஓட்டை இருந்தால் கவலையில்லை, டிங்கர் வேலைதான். ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கும் இடம், தரைத்தகடு ஓட்டையானால் செலவு ஏறும், ஆனாலும் செய்யலாம். பயப்பட வேண்டியவை இரண்டு. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரின் பின்முனை, முன்சீட்டுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். பின் ஸ்பிரிங் பட்டை பாடியில் மாட்டும் ஹேங்கர் இன்னொன்று. இந்த இரண்டு இடத்திலும் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால், அந்த வண்டியை ஓட்டும் வண்டியாக்க நல்ல சட்டம் வேறொரு பாடியிலிருந்து வெட்டி வர வேண்டும், அளவு தவறாமல் பொருத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இதை உதிரி வண்டியாக வைத்து, இன்னொரு மார்க் 3ஐத் தேடுங்கள். ஒன்றின் பாகங்களால் மற்றொன்று ஓடுவதும் மீட்புதான்.

வெட்டி ஒட்டுவதில் நடக்கும் பெரிய தவறு, இரண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஒரே நேரத்தில் அறுப்பது. பாடி நடுவில் தொய்ந்துவிடும், அதன்பிறகு எந்தக் கதவும் பூட்டாது. முதலில் கதவு இடைவெளிகளில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து, டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்து இறுக்குங்கள். வண்டியின் எடை ஜாக்கி ஸ்டாண்டுகளில் முன், பின் சஸ்பென்ஷன் பக்கம் இருக்கட்டும், நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தை அறுத்து, ஒட்டி, கதவு சரியாக அடைகிறதா என்று பார்த்த பின்பே மறுபக்கம். தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் 18 கேஜ், வெளித் தகடுக்கு 20 கேஜ் சிஆர் தகடு. கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு வளையும். சிஓ2 வெல்டிங் உள்ள பட்டறையைப் பிடியுங்கள். பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து மூடுகிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் தண்ணீர் தங்கி, கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து போகும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் எந்த வெல்டிங்கும் கூடாது. காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

கடற்கரை ஊரில் தேய்த்து வெறுமையாக விட்ட தகடு விடிவதற்குள் பழுப்பேறும். அன்று தேய்த்ததை அன்றே எபாக்ஸி ப்ரைமரால் மூடிவிடுங்கள், அதற்கு ஏற்ற அளவு மட்டும் தேய்க்கவும். இணைப்புகளில் சீம் சீலர், பெயின்ட் முடிந்தபின் ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுக்குள்ளும் கேவிட்டி வேக்ஸ், தண்ணீர் வடியும் ஓட்டைகள் திறந்தபடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயின்ட் வேலையே வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் பெயின்ட் மங்கி வெளுக்கும். மொத்தப் பணத்தில் பாதியைப் பாடிக்கென்று ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். கடைசியில் பணம் தீர்ந்தால் சீட்டு இல்லாமல் இருக்கலாம், தரை இல்லாமல் இருக்க முடியாது.

பிரேக்கில் பேச்சே இல்லை, எல்லாம் புதிது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் தரைக்குக் கீழே இருப்பதால் சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும். வீல் சிலிண்டர்களுக்குள் குழி விழுந்திருந்தால் ரப்பர் கப் மட்டும் மாற்றிப் பயனில்லை, மறுபடி கசியும். லேத்தில் பித்தளை ஸ்லீவ் போடலாம், அல்லது புதிது வாங்கலாம். ஸ்டீல் குழாய்களை மொத்தமாக மாற்றுங்கள்.

இன்ஜின் 1,489 சிசி. இறுகியிருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, பாதி டீசல் பாதி ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் முப்பது, நாற்பது மில்லி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து வால்வுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய வால்வோடு சுற்றினால் புஷ் ராடு வளையும். அதன்பின் முன்பக்க ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். நகரவில்லை என்றால் இன்னொரு வாரம். ஹேண்டிலில் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் ரிங் உடையும். ஆயில் பாலாடை நிறத்தில் வடிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அப்போது ஹெட்டை இறக்காமல் மேலே போகக் கூடாது.

சுற்ற ஆரம்பித்தால் புது 20W-50 ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா பாருங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டையை மூடியிருக்கும் தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து, ரேடியேட்டரில் தண்ணீர் விட்ட பத்தாம் நிமிடம் ஒழுகும், இப்போதே மாற்றிவிடுங்கள். பிளாட்டினம் (டிஸ்ட்ரிபியூட்டரில் திறந்து மூடும் பாயின்ட்) இடைவெளி 0.015 அங்குலம், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. முதல் முறை பெட்ரோலைத் தனி பாட்டிலிலிருந்து கொடுங்கள். பழைய டேங்கிலிருந்து விட்டால் கோந்தும் துருவும் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கைச் சுத்தம் செய்ய லிட்டருக்கு நூறு கிராம் சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு நாள், பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீர், உடனே நன்றாக உலர்த்தல். நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனும் பத்து சதவீதத்துக்குள் ஒத்து வந்தால் இன்ஜினை இறக்காமலே கொஞ்ச காலம் ஓட்டலாம். புதுச்சேரி, கடலூர் லேத்துகளில் போரிங் நன்றாகவே செய்கிறார்கள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை, ஜிபி ரோடு. அங்கும் இல்லையென்றால் டெல்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜாரில் விசாரித்துப் பார்சலில் வரவழைக்கலாம். பழைய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டே புதிதை வாங்குங்கள்.

பங்க்கில் இப்போது வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் ஏசி பம்ப் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) டயாஃப்ரமும் அதில் ஊறி விரிசல் விடும், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் பெட்ரோல் சொட்டும். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் வகைக்கு மாற்றுங்கள், டயாஃப்ரமையும் எத்தனால் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிவதால் இன்ஜின் சூடேறும், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான், அதனால் ஹெட்டை எப்போது இறக்கினாலும் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தண்ணீராகப் பிரித்து டேங்கின் அடியில் தங்கவிடும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிடுவதே நல்லது. கடற்கரைச் சாலையில் போய்வந்த அன்று அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஈரம் வியர்க்கும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகை போதும்.